சம்பளமில்லாமல் நிரல் எழுத வருகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் நிரலைப் பராமரித்து வருகிறேன். வீடியோவுக்கும் சப்டைட்டிலுக்கும் நேரம் பொருந்தாமல் போனால் சரிசெய்து கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இதுவரை அதில் கை வைத்தவர்கள் அறுபது பேருக்கு மேல். யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை, நானும் வாங்கியதில்லை. இத்தனை வருடமும் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம், தங்கள் திட்டத்துக்கு ஆள் வரவில்லையே என்று கேட்கும் பராமரிப்பாளர்கள். இன்னொரு பக்கம், "எனக்கும் ஆசைதான், ஆனா..." என்று இழுக்கும் ஆர்வலர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

ஓப்பன் சோர்ஸ்னா இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேர்தானே?

விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நிரலின் மூலத்தை, அதாவது அதை எழுதிய வரிகளை, படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் அனுமதித்தால் அது ஓப்பன் சோர்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது கேட்டது இந்தச் சுதந்திரத்தைத்தான். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல் வந்தது. காசில்லாமல் கிடைத்தாலும் மூலம் பூட்டியிருந்தால் அதை நீங்கள் பயன்படுத்தலாம், உள்ளே போய்ப் பங்கெடுக்க முடியாது.

சம்பளமே இல்லாம ஒருத்தர் ஏன் ராத்திரி கண் முழிச்சு கோடு எழுதணும்?

அவருக்குப் பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் மேனேஜர்கள் நம்புவதில்லை. செடி வளர்ப்பவர்களும் படம் வரைகிறவர்களும் உடனே நம்பிவிடுகிறார்கள். கைடோ வான் ராசம் பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கியது 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வாரத்தில் பொழுது போக ஒரு வேலை வேண்டும் என்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, பின்னாளில் லினக்ஸ் என்று பெயர் பெற்ற தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்னபோது அவர் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர். இது வெறும் பொழுதுபோக்குதான், க்னூ மாதிரிப் பெரிதாக வராது என்றே எழுதினார்.

கரீம் லக்கானி, ராபர்ட் வுல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் 684 பங்களிப்பாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். எதையோ புதிதாகப் படைக்கிறோம் என்ற மகிழ்ச்சிதான் மற்றக் காரணங்களைவிட வலுவாக நின்றது. என் அனுபவத்தில் எரிச்சலையும் அதோடு சேர்ப்பேன். தினமும் பயன்படுத்தும் நிரலில் ஏதோ ஒரு சின்னப் பிழை உறுத்திக்கொண்டே இருக்கும். அதைத் தானே திருத்திவிட முடியும் என்று தெரியவரும் நாளில் அந்த ஆள் பாதிப் பங்களிப்பாளர் ஆகிவிடுகிறார்.

இப்ப எல்லாத்தையும் பெரிய கம்பெனிக்காரங்கதானே எழுதறாங்க? நமக்கு அங்க என்ன வேலை?

பாதி உண்மை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி இன்று சம்பளம் வாங்குபவர்கள் எழுதுவது. மேலே சொன்ன 684 பேரிலும் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள்தான்.

ஆனால் பெரிய மென்பொருள்கள் எல்லாம், மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் சின்னச் சின்ன லைப்ரரிகள் மீது நிற்கின்றன. அவற்றில் ஏராளமானவற்றை ஒருவரோ இருவரோ மாலை நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற நிரலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதற்கான வெறும் 11 வரி. அது இல்லாமல் உலகெங்கும் எத்தனையோ திட்டங்கள் பில்ட் ஆகாமல், அதாவது ஓடும் நிரலாக உருவாகாமல், சில மணி நேரம் நின்றுபோயின. அந்த அடுக்கில் கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது.

என் ப்ராஜெக்ட்டுக்கு யாருமே வர்றதில்லை. எங்க போய் ஆள் பிடிக்கறது?

வெளியே தேட வேண்டாம், ஏற்கெனவே வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். "இந்த ஃபைலைத் திறந்தால் நின்றுவிடுகிறது" என்று எழுதி, அந்த ஃபைலையும் இணைத்து, எந்த வெர்ஷன் என்றும் ஒருவர் சொல்லியிருந்தால் அவர்தான் உங்கள் அடுத்த ஆள். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் "பங்களிப்புகளை வரவேற்கிறோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஊருக்கே பொதுவாகச் சொன்ன அழைப்பைத் தனக்கென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். போன மாதம் ஒருவருக்கு நான் எழுதியது இது (எஸ்ஆர்டி, வெப்விடிடி இரண்டும் சப்டைட்டில் ஃபைல் வகைகள்): "நீங்கள் சொன்ன பிழை நேரத்தைப் படிக்கும் ஃபைலில் இருக்கிறது, 140-ஆவது வரிக்குப் பக்கத்தில். எஸ்ஆர்டி ஃபைலில் நொடிக்குப் பிறகு கமா வரும், வெப்விடிடியில் புள்ளி வரும். நம் நிரல் கமாவை மட்டும் எதிர்பார்க்கிறது. நீங்களே திருத்திப் பார்க்கிறீர்களா? மாட்டிக்கொண்டால் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியில்லாத அழைப்பு வந்தால் பலர் பதிலே போடுவதில்லை. நான் கேட்பவர்களில் ஐந்தில் ஒருவர் சரி என்கிறார், அது போதும்.

ஆர்வமா வர்றாங்க, மறுநாளே காணாமப் போயிடறாங்க. ஏன்?

பொழுதுபோக்காக வருகிறவரிடம் இருப்பது ஒரு மாலை. வேலை, வீடு எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எதையாவது முடித்துவிட்டால் அடுத்த வாரமும் வருவார். நிரலைத் தன் கணினியில் ஓட வைப்பதற்கே அந்த நேரம் போய்விட்டால் வர மாட்டார். புகாரும் சொல்ல மாட்டார்.

எனக்கு இது புரிந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. ஒருமுறை புதிதாக வந்த ஒருவரிடம் ஸ்க்ரீனைப் பகிரச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் ரீட்மீயில் நிறுவுவதற்கு ஐந்து படிகள். மூன்றாவது படியில் ஒரு லைப்ரரியின் பழைய பெயர் அப்படியே இருந்தது. டெர்மினலில் சிவப்பாக நாற்பது வரி கொட்டியது. அவர் முதல் வரியை நகலெடுத்துத் தேடினார், ஆறு வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று கிடைத்தது, அதன்படி செய்தார், இன்னும் சிவப்பாக வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, "என் கம்ப்யூட்டர்லதான் ஏதோ தப்பு போல, மன்னிச்சிடுங்க சார்" என்றார். தப்பு என் ரீட்மீயில். அந்தப் பெயர் மாறி அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை பேர் தங்கள் கணினியைச் சந்தேகித்துக்கொண்டு மூடிவிட்டுப் போனார்களோ.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், எதுவும் நிறுவாத புதுக் கணினி மாதிரியான ஒரு வெற்றுக் கண்டெய்னரில் ரீட்மீயில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் நானே செய்து பார்க்கிறேன். இருபது நிமிட வேலை. ஆள் சேர்க்க நான் செய்ததிலேயே பலன் கொடுத்தது இதுதான்.

‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ன்னு எதைக் கொடுக்கறது? சின்ன வேலையெல்லாம் நானே முடிச்சுடறேனே!

அங்கேதான் சிக்கல். புதியவருக்கென்று குறித்து வைக்கும் எளிய வேலைதான் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’. சின்ன வேலைகளை எல்லாம் நீங்களே முடித்துவிட்டால் மிஞ்சுவது நீங்களே தொடப் பயப்படும் வேலைகள். புதியவர் அதில் எப்படி இறங்குவார்? கை அரித்தாலும் சிலவற்றை விட்டு வைக்க வேண்டும். லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டத்தில் இதற்கென்றே ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

புதியவருக்குக் கொடுக்க ஏற்றவை இவை: ஒன்றிரண்டு ஃபைலுக்குள் முடிகிற வேலை, சரியாகிவிட்டதா என்று அவரே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய வேலை. அப்புறம், அவசரமில்லாத வேலை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அடுத்த வெளியீட்டையே நிறுத்தி வைத்திருக்கும் பிழையைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாம் நாளே "என்ன ஆச்சு?" என்று கேட்பது அநியாயம்.

எடுத்துக்கொண்டவர் திரும்பி வராமல் போவதும் உண்டு. "மூன்று வாரம் அசைவில்லை என்றால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் குற்ற உணர்ச்சி வராது.

எனக்கு கோடு எழுத வராது. நான் வந்து என்ன பண்ண முடியும்?

நிறைய. என் நிரலின் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. அவர் அனுப்பிய முதல் கேள்வியே என்னை உட்கார வைத்துவிட்டது: "‘ஓப்பன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இது ‘திற’ என்ற பொத்தானா, ‘திறந்திருக்கிறது’ என்ற நிலையா?" இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் பார்க்கிறவருக்கு அது பிழையாகவே தெரியாது. அவர் கேட்ட பிறகு அதை இரண்டாகப் பிரித்தேன். அதே இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த வேறு மூன்று மொழிக்காரர்களுக்கும் வழி பிறந்தது.

பிழை அறிக்கைகளைப் படித்து, தன் கணினியிலும் அது வருகிறதா என்று சோதித்துச் சொல்வது இன்னொரு வேலை. நிரல் எழுதுவதைவிட இதற்குத்தான் எனக்கு ஆள் தேவை. அதே போல, கையேடு எழுதச் சரியான ஆள் நேற்று நிறுவியவர்தான். எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது ஆறு மாதத்தில் அவருக்கும் மறந்துவிடும். பராமரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: இவர்களுக்கென்று பட்டியலில் தனி மூலை வேண்டாம், நிரல் எழுதியவர்களின் பெயர் இருக்கும் அதே இடத்தில் போடுங்கள்.

பழைய லேப்டாப், நெட்டும் சுமார்தான். முடியுமா?

முடியும். பெரிய பிரவுசர், கெர்னல் போன்றவற்றை பில்ட் செய்வது கஷ்டம், அதனால் சின்னத் திட்டமாகத் தேர்ந்தெடுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் குளோன் செய்யும்போது, அதாவது நகலை இறக்கும்போது, டெப்த் 1 என்று கொடுத்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காமல் கடைசி நிலை மட்டும் இறங்கும். மொழிபெயர்ப்பு, கையேடு இரண்டுக்கும் பிரவுசரே போதும்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மூணு வாரம் ஆச்சு, பதிலே இல்லை. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு மாலை நேரத்து ஆள்தான். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், மற்றவர்கள் அனுப்பியவை கடைசியாக எப்போது மெர்ஜ் ஆயின, அதாவது நிரலில் சேர்ந்தன, என்று பாருங்கள். எட்டு மாதமாக ஒன்றுமே இல்லை என்றால் கடை மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம். வேறு திட்டம் பாருங்கள்.

பராமரிப்பாளர்களே, முதல் பதில் முழு ரிவ்யூவாக இருக்க வேண்டியதில்லை. "வந்து சேர்ந்தது, நன்றி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்பது முப்பது நொடி. நான் ஒருவரை 47 நாள் காக்க வைத்திருக்கிறேன். நல்ல திருத்தம் அது. நான் பதில் போடுவதற்குள் சுற்றியிருந்த நிரல் மாறி, அவர் அனுப்பியது பொருந்தாமல் போய்விட்டது. மறுபடி சரிசெய்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. எப்படி வரும்?

வந்த கோடு மோசமா இருக்கு. மனசு நோகாம எப்படி வேண்டாம்னு சொல்றது?

முதலில், வேண்டாமா அல்லது இப்படி வேண்டாமா என்று நீங்கள் தெளிவாக இருங்கள். அந்த வசதியே திட்டத்துக்குத் தேவையில்லை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று சுற்றுத் திருத்தம் கேட்டுவிட்டுக் கடைசியில் "யோசித்துப் பார்த்தேன், இது வேண்டாம்" என்பதைவிடக் கொடுமை கிடையாது. ஒருவருடைய மூன்று மாலைகளை வாங்கிக் குப்பையில் போட்டதாக ஆகும்.

தேவைதான், எழுதிய விதம் சரியில்லை என்றால், எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். இருபத்திமூன்று கமென்ட் போட்ட ரிவ்யூவைப் பார்த்துத் தாக்குப்பிடித்த பொழுதுபோக்காளரை நான் பார்த்ததில்லை. பிழையாக ஓடக்கூடிய இரண்டை மட்டும் சொல்லுங்கள். இடைவெளி, அடைப்புக்குறி, பெயர் வைக்கும் முறை போன்றவற்றை ஃபார்மேட்டர் கருவியிடம் விட்டுவிடுங்கள். கருவி குறை சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. மிச்சத்தை மெர்ஜ் செய்த பிறகு நீங்களே திருத்தலாம்.

"இது தவறு" என்பதற்குப் பதிலாக "இந்த ஃபைலில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தேடப் போய் பிழையை அவரே பிடித்துவிடுவார். அந்தச் சந்தோஷத்துக்குத்தானே வந்திருக்கிறார்.

அவர் ஒரு வாரமா எழுதினதை நான் பத்து நிமிஷத்துல எழுதிடுவேன். சொல்லிக்கொடுத்து எனக்கு என்ன லாபம்?

முதல் திருத்தத்தில் நஷ்டம்தான், மறைப்பதற்கில்லை. நான்காவது, ஐந்தாவது திருத்தத்தில் கணக்கு நேராகும். ஆனால் அறுபது பேரில் அந்த ஐந்தாவது திருத்தம் வரை வந்தவர்கள் என்னிடம் ஏழு பேர்தான். அந்த ஏழு பேர் யார் யார் என்று முதல் நாளில் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து வழியே இல்லை. நான் அதிகம் நம்பிய இருவர் இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். முதல் திருத்தத்தில் எழுத்துப் பிழையை மட்டும் சரிசெய்த ஒருவர் இன்று வெளியீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். இந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்றால் தனியாகவே நடத்துங்கள், அதில் ஒன்றும் குற்றமில்லை.

டி-ஷர்ட், பரிசுன்னு ஏதாவது அறிவிச்சா ஆள் வருவாங்களா?

வருவார்கள், டி-ஷர்ட்டுக்காக. 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்டில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. நல்ல எண்ணம்தான், அதன் வழியாக நல்ல ஆட்களும் வந்தார்கள். 2020-இல் கதை வேறு. ரீட்மீயில் "அருமையான திட்டம்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பும் வெள்ளம் பராமரிப்பாளர்கள் தலையில் கொட்டியது. சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்றினார்கள்.

எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கைதான் வரும். நான் செய்வது ஒன்றே ஒன்று: வெளியீட்டுக் குறிப்பில், எந்தத் திருத்தம் யார் செய்தது என்று வரிக்கு வரி பெயர் போடுவது. ஒருவர் அதை அச்சடித்துத் தன் அம்மாவிடம் காட்டியதாக எழுதியிருந்தார்.

ஒரு சிலருக்கு மட்டும் பணம் கொடுத்தா மத்தவங்க கோச்சுக்குவாங்களா?

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் புதிதாக வருபவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. பணம் வெளியிலிருந்து வருகிறது, காலமும் வேலையும் முன்பே வரையறுத்தவை, அதனால் பெரிய மனக்கசப்பு வருவதில்லை.

லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளில் ஒன்றான டெபியனில் 2006-இல் நடந்தது எதிர்மாறு. ‘எட்ச்’ பதிப்பை டிசம்பரில் சரியாக வெளியிட வேண்டும் என்று, வெளியீட்டைக் கவனித்த இருவருக்கு மட்டும் பணம் கொடுக்கும் டங்க்-டேங்க் என்ற முயற்சி தொடங்கியது. அதுவரை எல்லோரும் தன்னார்வலர்கள். "அப்படியென்றால் எங்கள் உழைப்பு?" என்று சிலர் வெளிப்படையாகவே எதிர்த்து, தங்கள் வேலையையும் குறைத்துக்கொண்டார்கள். எட்ச் வெளிவந்தது 2007 ஏப்ரலில். எனக்குத் தோன்றுவது இது: யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலைக்கு, எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சர்வர் பராமரிப்பு, பாதுகாப்புத் தணிக்கை போன்றவை. ஆசையோடு செய்துகொண்டிருக்கும் வேலையில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

நாம சும்மா எழுதிக் கொடுக்கறதை வெச்சு கம்பெனிகள் கோடி கோடியா சம்பாதிக்குதே. இது சுரண்டல் இல்லையா?

சில இடங்களில் ஆமாம். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014 ஏப்ரலில் வெளியானபோது உலகமே பதறியது. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அதன் பிறகே பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பணம் போட முன்வந்தன.

தனிமனிதராக உங்கள் கையில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று உரிமம். எம்ஐடி உரிமத்தில் விட்டால் யாரும் எடுத்து மூடிய நிரலுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமத்தில் விட்டால், மாற்றி விநியோகிப்பவர் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். இரண்டையும் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள், பிறகு புலம்பாதீர்கள். இன்னொன்று, முடியாது என்று சொல்லும் உரிமை. "எங்கள் வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு ஒருமுறை மெயில் வந்தது. பதிலாக உரிமத்தின் கடைசிப் பத்தியை அனுப்பினேன்: உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல்.

வேலை பார்க்கற கம்பெனி இதுக்கு விடுமா? சட்டப்படி ஏதாவது பிரச்சினை வருமா?

உங்கள் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படி இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு. அலுவலக லேப்டாப்பில் மட்டும் எழுதாதீர்கள்.

திட்டங்களின் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று பெயர் போடும் வழக்கம் இருக்கிறது. இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. வேறு சில திட்டங்கள் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கும். பொழுதுபோக்காளரின் முதல் மாலையிலேயே நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டினால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். முடிந்தவரை அந்த ஒற்றை வரியோடு விடுங்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பலாமா?

அப்படியே வேண்டாம். திட்டத்தின் விதி என்ன என்று முதலில் பாருங்கள். சிலர் முழுவதும் தடுத்திருக்கிறார்கள், சிலர் சொல்லிவிட்டு அனுப்பினால் போதும் என்கிறார்கள். இணையத்தில் தரவைப் பரிமாறும் கர்ல் நிரலின் பராமரிப்பாளர் டேனியல் ஸ்டென்பர்க், ஏஐ தயாரித்த பொய்யான பாதுகாப்பு அறிக்கைகளைப் படித்து மறுப்பதிலேயே தங்கள் நேரம் போகிறது என்று பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அனுப்புகிறவருக்கு ஒரு நிமிடம், படிக்கிறவருக்கு ஒரு மாலை.

என்னிடம் வருபவர்களிடம் நான் ஒன்றே கேட்கிறேன்: இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடியுமா? முடிந்தால் எதை வைத்து எழுதினீர்கள் என்பது எனக்குக் கவலையில்லை. ஏஐயிடம் பழைய நிரலை விளக்கச் சொல்லிப் படித்துப் புரிந்துகொள்வது நல்ல பயன்பாடு என்றே நினைக்கிறேன்.

முகமே தெரியாத ஆளை நம்பி எப்படி முழு அனுமதியையும் கொடுக்கறது? எக்ஸ்இஸட் கதை தெரியும்ல?

தெரியும். அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. தெரியாதவர்களுக்காக: எக்ஸ்இஸட் என்பது தரவைச் சுருக்கும் ஒரு சிறு கருவி, லினக்ஸில் பரவலாக இருப்பது. அதைப் பல வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று சில கணக்குகள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தன. உதவிக்கு வந்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இருந்த ஒருவர். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, பிறகு ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலாளர், எஸ்எஸ்எச் வழியே தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. 2018-இல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரியின் கதை இன்னும் எளிது. பராமரித்தவருக்கு ஆர்வம் போய்விட்டது, ஒருவர் மெயிலில் கேட்டார், சாவி கைமாறியது, பிட்காயின் திருடும் நிரல் உள்ளே வந்தது.

இதைக் கேட்டுவிட்டு யாரையும் சேர்க்கப் போவதில்லை என்பவர்களுக்குச் சொல்வது: எக்ஸ்இஸட் பராமரிப்பாளர் தனியாக இருந்ததுதான் அந்த ஆளுக்கு வசதியாகிவிட்டது. நம்பத் தகுந்த மூன்று நான்கு பேர் ஏற்கெனவே கூட இருந்திருந்தால் அந்த நெருக்கடி அவ்வளவு வேலை செய்திருக்காது. நான் அனுமதியைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்கிறேன். முதலில் இஷ்யூக்களுக்கு லேபிள் போட, அப்புறம் மெர்ஜ் செய்ய. வெளியீட்டுக்கு மட்டும் இருவர் ஒப்புதல். வெளியிடும் கோப்பு எல்லோரும் பார்க்கும் மூலத்திலிருந்து தானாகவே உருவாகும், யாரும் தன் கணினியிலிருந்து ஏற்ற முடியாது, நானும் முடியாது. அவசரப்படுத்துகிற ஆளிடம் இன்னும் மெதுவாகப் போகிறேன்.

சம்பளமில்லாதவர்கிட்ட கெடு வைக்கலாமா? எப்ப முடியும்னு கேட்டாலே கோபம் வருது.

தேதி கேட்கலாம், திணிக்கக் கூடாது. "இந்த மாதக் கடைசியில் வெளியிடுகிறேன், உங்களுடையது தயாராக இருந்தால் சேரும், இல்லையென்றால் அடுத்ததில்" என்று சொல்லிவிட்டால் கெடு திட்டத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. மனிதருக்குக் குழந்தை பிறக்கும், வேலை மாறும், சும்மா ஆர்வமும் போகும். காரணம் கேட்காதீர்கள்.

எனக்கே அலுத்துப் போச்சு. விட்டுட்டுப் போகலாமா?

போகலாம். மேலே கெடு பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். சொல்லாமல் மறைவதை மட்டும் தவிருங்கள். மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தவர் கேட்ட கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். நீங்கள் சத்தமில்லாமல் போனால் அவரைப் போல எத்தனை பேர் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரீட்மீயின் முதல் வரியில் "இனி நான் பராமரிக்கவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள். இரண்டு மாதம் கொடுத்து, ஏற்கெனவே கூட வேலை செய்தவர்களில் யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். யாரும் இல்லை என்றால், ஈவண்ட்-ஸ்ட்ரீமில் நடந்த மாதிரி முதலில் கேட்கும் அந்நியரிடம் கொடுக்காமல், களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். மூலம் அங்கேயே இருக்கும். வேண்டுகிறவர் நகலெடுத்து, புதுப் பெயரில், தன் பொறுப்பில் தொடரட்டும். என் சப்டைட்டில் நிரலே அப்படி யாரோ விட்டுப்போன ஒன்றிலிருந்து எடுத்ததுதான். பழையவரின் பெயர் உரிமக் கோப்பின் முதல் வரியில் இன்னும் இருக்கிறது.